தொண்டை மட்டும் திருந்தவில்லை

"வெள்ளிக்கிழமை நீங்கள்தான் சுவைக்கிறீர்கள், ஹெர் உமாபதி!" என்றார் பேராசிரியர் ஃபோஸ்.

உமாபதி கையிலிருந்த சோதனைக் குழாயைக் கீழே வைத்தார்.

"நானா? நான் கொழுப்பு எத்தனை விழுக்காடு, புரதம் எத்தனை விழுக்காடு என்று அளப்பவன் ஐயா! சுவைப்பதற்குத்தான் பீட்டர்சன் இருக்கிறாரே?"

"பீட்டர்சனுக்கு நேற்றுப் பல் பிடுங்கிவிட்டார்கள். கஞ்சிதான் குடிக்கிறார். நீங்களோ மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நாட்டிலிருந்து வந்தவர். நேர்முகத் தேர்வில் நீங்கள் சொன்ன சொல்லை நான் மறப்பேனா?"

சொன்னது உண்மைதான். 'மீன் பிடிக்குமா?' என்று அன்று பேராசிரியர் கேட்டபோது, "எங்கள் நாட்டை மூன்று பக்கமும் கடல் சூழ்ந்திருக்கிறது!" என்று முழங்கினார் உமாபதி. அதில் பொய் ஒரு துளியும் இல்லை. விடையும் ஒரு துளி இல்லை என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டின் இலையுதிர் காலம். ஹாம்பர்க் நகரில், எல்பே ஆற்றின் கரையில் நின்ற அந்த மீன் ஆராய்ச்சிக்கூடத்திற்கு ஒரு வழக்கு வந்திருந்தது. ஸ்டீல்ஹெட் என்றொரு மீன், டிரவுட் இனம். ஆற்றிலே பிறந்து, கடலுக்குச் சென்று கொழுத்து, மீண்டும் ஆற்றுக்கே திரும்பும் பிறவி. சதையின் நிறமோ சால்மனை உரித்து வைத்தாற்போல் இளஞ்சிவப்பு. அதை அமெரிக்காவிலிருந்து இறக்கி விற்கத் துடித்தார் லூயர்ஸ் என்னும் வணிகர். தட்டில் வைத்தால் சால்மனுக்கு இது ஈடு கொடுக்குமா? நாக்கின் தீர்ப்பு என்ன? அதைத்தான் ஆராய்ச்சிக்கூடம் சொல்ல வேண்டும்.

"உங்கள் ஒப்பந்தத்தை இரண்டாண்டு நீட்டிப்பது பற்றியும் அன்றைக்கே பேசி முடித்துவிடலாம்" என்று புன்னகையோடு சொல்லிவிட்டுப் போனார் பேராசிரியர்.

நன்றாகச் சுவைத்தால் வேலை. இல்லையேல் ஊருக்கு விமானம். இதுதான் அதன் பொருள்.

உமாபதி மீன் தின்றதில்லை. ஒரு நாளும் தின்றதில்லை! தஞ்சை மாவட்டத்தின் கடுஞ்சைவக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்தாரே தவிர, அங்கேயே கிடந்தாரா? இல்லை! கல்லூரி நாளிலேயே மேடை ஏறினார். "சாதியின் வேலி சமையலறையில்தான் நடப்பட்டிருக்கிறது, அதை முதலில் பிடுங்குவோம்!" என்று கர்ச்சித்தார். ஊர் ஊராகச் சமபந்தி விருந்து நடத்தினார். ஒவ்வொரு விருந்திலும் அவர் பேசி முடிப்பதற்குள் பந்தி முடிந்து, அண்டா கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். ஆகவே அவர் இலையில் என்ன விழுந்தது என்று எவரும் பார்த்ததில்லை. மூளை சீர்திருந்திவிட்டது, நெஞ்சம் சீர்திருந்திவிட்டது, தொண்டை மட்டும் இன்னமும் பழைய கட்சியிலேயே இருந்தது. மீன் வாசம் கண்டால் போதும், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடும்.

நாகப்பட்டினத்துக் கடற்கரையில் அவர் பேசியதைக் கேட்டுத்தான் அம்பிகா அவரை மணந்தாள், தந்தையின் சொல்லையும் மீறி. வஞ்சிரமும் வாளையும் தின்று வளர்ந்தவள். "பகலெல்லாம் மீனோடு மாரடிக்கிறேன், வீட்டிலாவது வேண்டாமே" என்று உமாபதி கெஞ்சியதால், ஹாம்பர்க் வந்த நாள் முதல் மீனை மறந்து உருளைக்கிழங்கோடு வாழ்ந்தாள். அவளிடம் போய், 'நான் பிடுங்கச் சொன்ன வேலி என் தொண்டையிலேயே நிற்கிறது' என்று எப்படிச் சொல்வது?

அன்று பிற்பகலே உமாபதி பேராசிரியரின் அறைக்குள் நுழைந்தார்.

"ஐயா, ஒரு சிக்கல். எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை மீன் தொடமாட்டார்கள்."

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் மியூன்ஸ்டர் நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. "வெள்ளிக்கிழமை மீன் இல்லையா? எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் மீனைத் தவிர வேறொன்றும் கிடையாது. அப்படியும் ஒரு நாடு உண்டா!" என்று பெருமூச்சு விட்டார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஆனால், கடவுளும் இல்லை, கிழமையும் இல்லை என்று போன மாதம் உணவுக்கூடத்தில் எங்களுக்குச் சொற்பொழிவு ஆற்றினீர்களே?"

"எனக்கு இல்லை ஐயா! என் மனைவிக்கு!"

"ஆகா, மனைவியின் மனத்தை மதிக்கிறீர்கள். நல்லது. வியாழக்கிழமைக்கு மாற்றிவிடுவோம். அம்மையாரும் விருந்தினராக வரட்டும்."

மூன்றடி தூரத்தில் இருந்த தூக்குமேடையை இரண்டடிக்கு இழுத்துக்கொண்டு வெளியே வந்தார் உமாபதி. இல்லாத வெள்ளிக்கிழமை நோன்பு ஒன்றையும் அம்பிகாவின் தலையில் ஏற்றியாயிற்று!

சாளரத்தின் வழியே பேராசிரியரைப் பார்த்தார். மனிதர் ஆற்றங்கரையில் உலாவக் கிளம்பியிருந்தார். அவருடைய தொப்பி தெரிந்ததுமே கடற்பறவைகள் கூட்டமாய்க் கத்திக்கொண்டு வந்து சூழ்ந்தன. மீனை அறிந்தவரைப் பறவையும் அறிகிறது என்று எண்ணி ஏங்கினார் உமாபதி. சுவைக்கும் நாள்களில் எவர் தட்டும் காலியாவதற்கு முன் காலியாவது பேராசிரியரின் தட்டுதான். அவருக்கென்று மேசையில் போர்வை போலப் பெரிய கைத்துணி ஒன்று வைப்பார்கள். அத்தனை ஆவலாகத் தின்பவர் என்று ஊழியர்கள் பேசிக்கொள்வார்கள்.

புதன்கிழமை மாலை, ஆய்வுக்கு வெட்டியதில் மிஞ்சிய இரண்டு மீன்களின் துண்டுகளையும் பொட்டலம் கட்டி, நடேசனின் அறைக்கு ஓடினார். நடேசன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கப்பல் பொறியியல் படிக்கிறவன்.

"நடேசன், நீங்க தின்னுட்டு எது எப்படி இருக்குன்னு சொல்லுங்க. அதை நான் அப்படியே மனப்பாடம் பண்ணிக்கறேன்."

"இதென்ன அண்ணை, தின்னுறதுக்கும் ஆள் பிடிக்கிறியளே? இருங்கோ, சமைச்சுப்போட்டு வாறன்."

உமாபதி தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்தார். அறையிலிருந்து எழுந்த புகை அவருடைய கம்பளிக் கோட்டைத் தழுவிக் குடியேறியது. கதவு திறந்தபோது நடேசனின் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது.

"சொல்லுங்க! முதல் மீன் எப்படி?"

"உறைப்பு."

"இரண்டாவது?"

"நல்ல உறைப்பு."

"உறைப்பா! மீன் ஏன்யா உறைக்குது?"

"கறித்தூள் போட்டு, பழப்புளி விட்டெல்லே வச்சனான்! உப்புமில்லை, தூளுமில்லை எண்டால் அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு அண்ணை. என்னாலை ஏலாது."

"ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லையா?"

"ஓம், இருக்கு. ரெண்டாஞ் சட்டிக்குத் தூள் கொஞ்சம் கூடிப்போச்சு. கோவிக்காதேங்கோ அண்ணை, வாற கிழமையும் இருந்தால் கொண்டு வாங்கோ."

வீட்டுக் கதவைத் திறந்த அம்பிகா ஓரடி பின்வாங்கினாள். பிறகு ஈரடி முன்வந்தாள். கோட்டின் கழுத்துப்பட்டியைப் பிடித்து முகர்ந்தாள்.

"மீன் குழம்பு!"

"அம்பிகா..."

"மீன் குழம்புங்க இது! புளி ஊத்தி வச்ச குழம்பு! வீட்ல வேணாம், வாசம் ஆகாதுன்னு என்னை உருளைக்கிழங்கா தின்ன வச்சிட்டு, நீங்க எங்கேயோ போயி ஒரு கட்டு கட்டிட்டு வர்றீங்களா?"

உமாபதியின் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. மனைவியை ஏமாற்றித் தின்ற தீனிக்காரன் என்று பெயர் வாங்கலாம். அல்லது தின்ன முடியாத சீர்திருத்தக்காரன் என்று பெயர் வாங்கலாம். மேடைப் புகழ் அவரை முதல் வழியில் தள்ளியது.

"ஆமாம்! தின்றேன்!"

"அப்ப நாளைலேருந்து நம்ம வீட்லயும் மீன்தான். காலைல வறுவல், ராத்திரி குழம்பு. உங்க வேலியை நம்ம சமையலறையிலேயும் புடுங்கிடுவோம்."

"புடுங்கிடுவோம்" என்றார் உமாபதி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"உங்க புரொபசர் போன் பண்ணாரு. நாளைக்கு என்னையும் வரச் சொன்னாரு. எனக்கு ஏதோ வெள்ளிக்கிழமை விரதமாமே? அதென்ன கதை?"

"அது... ஜெர்மன்காரர்களுக்கு நம் பண்பாட்டின் மேல் ஒரு ஆர்வம்" என்று கூறிவிட்டு, உமாபதி கோட்டோடு குளியலறைக்குள் நுழைந்து தாழிட்டுக்கொண்டார்.

வியாழன் நண்பகல். நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு. ஒரு பக்கம் பேராசிரியரும் வணிகர் லூயர்ஸும். எதிர்ப்பக்கம் உமாபதியும், பட்டுச் சேலையில் அம்பிகாவும். சமையலறைப் பொறுப்பாளர் ஃபிராவ் குரோகர் ஒவ்வொருவர் முன்னும் இரண்டு தட்டுகளை வைத்தாள். எது எந்த மீன் என்பது மூடிய உறைக்குள். உப்பில்லை, எலுமிச்சையில்லை, ஆவியில் வெந்த வெறும் மீன், வெட்கமின்றி வெறித்தது.

உமாபதி முள்கரண்டியை உயர்த்தினார். உலகத்து மூடநம்பிக்கைகளை எல்லாம் நினைத்துக்கொண்டார். பகுத்தறிவே, துணை நில்! துண்டு வாய்க்குள் சென்றது. தொண்டை கதவைச் சாத்தியது.

கைத்துணியை எடுத்து நாகரிகமாக வாயைத் துடைத்தார். துண்டு வாயிலிருந்து துணிக்குக் குடிபெயர்ந்தது. இரண்டாவது துண்டும் அவ்வழியே. மூன்றாவதும் அவ்வழியே. கைத்துணி கருவுற்றாற்போல் பருத்தது. எதிரே பேராசிரியரும் தம் பெரிய துணியால் ஓயாமல் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தட்டு அதற்குள் காலி.

அம்பிகா ரசித்து, கண்ணை மூடித் தின்றுகொண்டிருந்தாள். கண்ணைத் திறந்தவள் கணவரின் வாயைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். மறுபடியும் வாயைப் பார்த்தாள்.

"என்னங்க," என்றாள் தாழ்ந்த தமிழில், "நீங்க முழுங்கவே இல்லையே?"

உமாபதி துணியை மடியில் இறக்கினார். காதுமடல் சிவந்தது.

"நேத்திக்கு?"

"நடேசன்தான் தின்றான்."

"நாகப்பட்டினத்துல?"

"பேசினேன். அவ்வளவுதான்."

அவள் உதட்டைக் கடித்தாள். சினமா, சிரிப்பா? அதை அறிய நேரமில்லை. "தீர்ப்பைச் சொல்லுங்கள், ஹெர் உமாபதி!" என்று லூயர்ஸ் நாற்காலியை முன்னுக்கு இழுத்துவிட்டார்.

உமாபதி எழுந்தார். வாழ்நாளில் முதன்முறையாக, எழுந்து நின்றும் அவருக்குச் சொல் வரவில்லை.

அப்போது பக்கத்திலிருந்து, விரிப்பைப் பார்த்தபடியே, அம்பிகாவின் குரல் மெல்ல வந்தது. "மொதத் தட்டு நெய்ச்சோறு மாதிரிங்க. கொழுப்பு நாக்குல அப்படியே உக்காந்துக்குது. ஒசத்திதான், ஆனா நாலு வாய்க்கு மேல திகட்டும். ரெண்டாவது லேசா இருக்கு. வாசம் கம்மி, சதை பொடிசா உதிருது. தெனம் குடுத்தாலும் திம்பேன். என்ன, ஒரு நிமிஷம் கூட வெந்துடுச்சு, ஓரமெல்லாம் காஞ்சு கெடக்கு."

மூலப்பொருள் கிடைத்ததும் மேடை விழித்துக்கொண்டது!

"நண்பர்களே!" என்று ஜெர்மன் மொழியில் முழங்கினார் உமாபதி. "முதல் தட்டில் இருப்பவர் பண்ணையார்! கொழுத்தவர், செழித்தவர். நாக்கிலே அமர்ந்தால் எழுந்திருக்க மறுப்பவர். திருவிழா நாளில் அவருக்கு மாலை போடுவோம்; நாள்தோறும் அவரைத் தாங்க நம்மால் முடியாது! இரண்டாம் தட்டில் இருப்பவரோ உழைப்பாளி! மெலிந்த உடல், மென்மையான இயல்பு. வந்த வேலையை முடித்துவிட்டு ஆரவாரமின்றி விடைபெறுகிறார். அன்றாடத் தட்டிலே அமர வேண்டியவர் அவரே! ஆனால் ஒன்று: உழைப்பாளியை நெருப்பில் ஒரு நிமிடம் அதிகமாக வாட்டாதீர்கள்; அவர் காய்ந்துபோவார்!"

பேராசிரியர் உறையைப் பிரித்தார். முதல் தட்டு சால்மன். இரண்டாம் தட்டு ஸ்டீல்ஹெட். லூயர்ஸ் எழுந்து நின்று கை தட்டினார். "உழைப்பாளி! பெட்டியின் மேல் இதையே அச்சடிக்கப் போகிறேன்!"

"இரண்டாண்டு என்ன, மூன்றாண்டு ஒப்பந்தம் தருகிறேன்!" பேராசிரியர் மேசையைச் சுற்றி வந்து உமாபதியின் கையைப் பற்றினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "இன்று முதல் சுவைக்கும் குழுவின் தலைவர் நீங்கள்தான். வாரந்தோறும்! உங்கள் வெள்ளிக்கிழமையை மதித்து, வியாழன்தோறும்! இத்தனை காலம் இந்தப் பாரத்தை நான் ஒருவனாகச் சுமந்தேன், ஹெர் உமாபதி. ஒருவனாக!"

"வாரந்தோறுமா? ஐயா, நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்..."

அதற்குள் பேராசிரியர் கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஏறத்தாழ ஓடிவிட்டார். வெளியே பறவைகளின் ஆர்ப்பரிப்பு கேட்டது.

அம்பிகா எழுந்து சேலையைச் சரிசெய்தாள். "வீட்டுக்கு வாங்க, மிச்சத்தைப் பேசிக்கலாம். இனிமே மீனை நான் தின்னுக்கறேன். பேச்சை நீங்க பேசுங்க." பிறகு கணவர் விட்டுவைத்த தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

உமாபதி பருத்த கைத்துணியைக் கால்சட்டைப் பைக்குள் திணித்தார். ஈரம் தொடையில் பரவியது. வாரந்தோறும்! மூன்றாண்டு! கதவை நோக்கி நழுவியவரை ஃபிராவ் குரோகர் மறித்தாள். அவள் கையில் சலவைக்கூடை இருந்தது. பேராசிரியரின் பெரிய துணி அதில் இல்லை. அதைப் பற்றி அவள் கேட்கவுமில்லை.

"உங்கள் கைத்துணி, ஐயா?"

வேறு வழியின்றி எடுத்துக் கொடுத்தார் உமாபதி, தலைகுனிந்து. அவள் அதைக் கையில் வைத்து எடை பார்த்தாள். முகத்தில் வியப்பின் சாயலே இல்லை.

"வெட்கப்படாதீர்கள் ஐயா," என்றாள் அவள். "பேராசிரியரின் பெரிய துணி இனி உங்களுக்குத்தான், அதை எங்கே உதற வேண்டும் என்பதை அந்தக் கடற்பறவைகளே உங்களுக்குக் காட்டிவிடும்."