பக்கத்துச் சேனல்

"மறுபடியும் ஃபெயிலா?" என்று போனில் கேட்டாள் மனைவி.

"ஆமா."

"நீங்களா, பெட்டியா?"

"இப்போதைக்குப் பெட்டி."

ஆபீஸில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். வயர்லெஸ் கருவிகள் செய்யும் கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியர். அன்று சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியுமாகப் போகும் முதல் வெளியூர். இதற்கு முன் போட்ட இரண்டு திட்டத்தையும் ஆபீஸ் விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது.

மானேஜர் காலையில் சொன்னது இவ்வளவுதான்: "ஸ்டோர்லேர்ந்து ஒரு டிரான்ஸ்மிட்டர் வரும். பாத்து ரிசல்ட்டை அனுப்பிட்டு லீவுல போங்க." வழக்கமாக அதைப் பார்க்கிற பெண் பிரசவ லீவில் இருந்தாள்.

டிரான்ஸ்மிட்டர் பெட்டி வந்தது. ஸ்பெக்ட்ரம் அனலைசரில் மாட்டினார். பெட்டி தன் சேனலில், அதாவது தனக்கு ஒதுக்கிய அலைவரிசையில், எவ்வளவு பவர் விடுகிறது, பக்கத்துச் சேனல்களில் எவ்வளவு சிந்துகிறது என்று அந்த மிஷின் அளந்து காட்டும். நம் வீட்டு ரேடியோ பக்கத்து வீட்டில் எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்பது மாதிரிதான். இந்தப் பெட்டி பக்கத்து வீட்டுக் கூடத்திலேயே போய் உட்கார்ந்து பாடியது. திரையில் சிவப்பாக 'ஃபெயில்' என்று வந்தது.

ஃபெயில் என்றால் பிரித்துப் பார்க்க வேண்டும், மீட்டிங் போட வேண்டும், லீவு அம்போ. ஆகவே கோளாறு பெட்டியில் இல்லை, மிஷினின் சேனல் செட்டிங்கில்தான் என்று அவர் முடிவு கட்டினார். அசந்துபோன மனுஷனுக்கு எது வசதியோ அதுதான் நியாயமாகப் படும்.

முதலில் சேனல்களின் அகலத்தைக் கூட்டினார். வீட்டை இஷ்டத்துக்கு அகலப்படுத்தினால் சுவர் அடுத்தவன் வீட்டுக்குள்தானே போகும்? சிந்தல் இன்னும் அதிகமானது. எதுவரைக்கும்தான் சிந்துகிறது என்று பார்க்க, அதற்கும் அடுத்த சேனல்களைச் சேர்த்தார். அவையும் ஃபெயில். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

போன் அடித்தது.

"என்னங்க, கிளம்பிட்டீங்களா?"

"இதோ."

"உங்க 'இதோ'வை அடுக்கி ஒரு வீடே கட்டிரலாம். நான் ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்க வந்தா ரெண்டு பேரா போவோம். வரலைன்னா நான் மட்டும் போறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. கோபிக்கக்கூட அலுத்துப்போகிற அளவுக்கு இவளைக் காக்கவைத்துவிட்டோமே என்று நெஞ்சு வலித்தது.

கடைசியாக ஒரே ஒரு செட்டிங் பாக்கி இருந்தது. தன் சேனலுக்கும் பக்கத்துச் சேனலுக்கும் நடுவே உள்ள இடைவெளி. அதைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். பக்கத்து வீட்டுக்காரரைத் தெருக்கோடியில் குடிவைத்துவிட்டு, "ரேடியோ சத்தம் கேக்குதா?" என்று கேட்டால் அவர் பாவம் என்ன சொல்வார்?

திரை பச்சையானது. பாஸ்.

அவருக்கும் மனசாட்சி உண்டு. அன்றைக்கு அதுவும் அசந்திருந்தது. கம்ப்யூட்டரில் 'பாஸ்' என்று போட்டு மானேஜருக்கு அனுப்பினார். மனைவிக்குப் போன் செய்து, "கிளம்பிட்டேன். சத்தியமா" என்றார். அவள், "உங்களுக்கும் சேர்த்து ஜன்னல் சீட்டுல துண்டு போட்டு வைக்கிறேன்" என்றாள்.

பையைத் தோளில் மாட்டும்போது, பெட்டியைத் திருப்பி எடுத்துப்போக ஸ்டோர்காரர் வந்தார்.

"முடிச்சிட்டீங்களா சார்? ஃபெயில்தானே?"

"இல்லையே. பாஸ். ரிசல்ட்டை அனுப்பியாச்சு."

ஸ்டோர்காரர் பெட்டியைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், பிறகு அவர் தோளிலிருந்த பையைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இது கெட்டுப்போன பெட்டி சார், மிஷின் ஒழுங்கா கண்டுபிடிக்குதான்னு பாக்கத்தான் வச்சிருக்கோம், இதுவே பாஸ்னா மிஷின் சரியில்லைன்னு அர்த்தம், இந்த மாசம் இந்த மிஷின்ல நீங்க பாத்த அத்தனை பெட்டியையும் நீங்களே உக்காந்து திரும்பப் பாக்கணும்."