இன்னிக்கு உங்காத்து வாசல்ல என்ன கோலம்?

ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குப் பயப்படாத ஆண்பிள்ளைகள்கூடக் கோலம் மாமாவுக்குப் பயந்தார்கள். எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் குடியிருந்த எவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மாமா கத்தமாட்டார், கை ஓங்கமாட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பயந்து ஒரு பாங்க் மானேஜர் கொல்லைப்புறம் வழியாக ஆபீசுக்குப் போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் சம்சாரம் ஜயா மாமிக்குக் கன்டோன்மென்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை. காலை ஷிப்ட், இருட்டோடு முதல் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். மாமாவுக்கு மலைக்கோட்டைப் பக்கம் ஜவுளிக்கடையில் உத்தியோகம். கடை திறக்கும்போது போனால் போதும். மாமி வேலைக்குச் சேர்ந்த அன்றே, அந்த வீட்டின் பெரியவரான மாமாவின் அண்ணா நிபந்தனை போட்டுவிட்டார்.

"ஒருநாள் வாசல் வெறிச்சுன்னு கெடந்தாலும் சரி, அன்னியோட அவ வேலையை விட்டுடணும்."

மறுநாள் விடிகாலை மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோலமாவு டப்பாவோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

தெருவே திரண்டு வந்து பார்த்தது. "ஆம்பளைக் கையில என்ன நேர்த்தி!" என்று மாமாவுக்குப் பாராட்டு. "ஆம்படையானைக் கோலம் போட வைக்கறாளே, ராட்சசி!" என்று மாமிக்கு அர்ச்சனை. இரண்டும் ஒரே வாயிலிருந்து வரும். அதே வாசலில் மாமி வருஷக்கணக்காகப் போட்ட கோலத்தை ஒருத்தரும் நின்று பார்த்ததில்லை. அந்தப் பாராட்டு பொறுக்காமல்தான் மாமா தன் கேள்வியைக் கண்டுபிடித்தார். புகழ வந்த பாங்க் மானேஜரை நிமிர்ந்து பார்த்துச் சாதுவாகக் கேட்டார்.

"அது இருக்கட்டும் சுவாமி. இன்னிக்கு உங்காத்து வாசல்ல என்ன கோலம்?"

மானேஜர் திருதிருவென்று விழித்தார். "கோலம்... வெள்ளையா இருந்தது."

"மிதிச்சுண்டுதானே வந்தேள்?"

அதன்பிறகு வக்கீல், வாத்தியார் எவரும் தப்பவில்லை. பதில் தெரியாமல் முழித்தவர்கள் வீட்டில் அன்றைக்குக் காப்பி ஆறிப்போய்த்தான் வந்தது.

எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மாமா எங்கள் எதிர்வீடு வேறு. காலையில் செருப்பை மாட்டுவதற்கு முன் வாசல் கோலத்தைக் குனிந்து பார்த்துக்கொள்வேன். கதவுக்குப் பின்னால் என் மனைவி வைதேகி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். புள்ளிகளை எண்ணிவிடுவேன், பெயர்தான் தெரியாது.

"இதுக்குப் பேர் என்ன வைதேகி?"

"மாமா கேப்பார்ங்கற பயத்துல கேக்கறேளா, நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்கறேளா?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடிவிடுவேன். ஆபீசில் ஃபைல் ஓரமெல்லாம் புள்ளி வைத்துப் பழகினேன். தூக்கத்தில்கூடப் புள்ளி.

மார்கழியில் ஒருநாள் விடியும் நேரம், எதிர்வாசல் வெறுமையாகக் கிடந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் வாசலை ஒட்டிய ரேழியில் மாமா போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறார். உடம்பு அனலாகக் கொதிக்கிறது.

"அவகிட்ட ஜுரம்னு சொல்லலை. சொன்னா லீவு போட்டிருப்பா," என்று முனகினார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார், கால் நிற்கவில்லை. "அண்ணா காவேரியிலேந்து வந்துண்டிருப்பார்."

தெருப் பெண்கள் எல்லாரும் கோயிலில், வைதேகி உட்பட. கூப்பிட ஆளில்லை. அதற்குள் தெருமுனையில் அண்ணாவின் ஈர வேட்டி தெரிந்துவிட்டது. மாமியின் வேலை போகப்போகிறது, பார்த்துக்கொண்டு நிற்கிறவன் நான் ஒருத்தன்தான்.

ஒரு வாளித் தண்ணீரை வாசலில் விசிறிவிட்டு டப்பாவைத் தூக்கினேன். அவசரத்தில் வைத்த புள்ளியைவிடச் சிந்திய புள்ளி அதிகம். தாமரை என்றுதான் ஆரம்பித்தேன். பாதியில் அது நண்டாகி, முடிக்கும்போது எதுவாகவும் இல்லாமல் போயிற்று. நிமிர்ந்தால் அண்ணா நிற்கிறார். கோலத்தைப் பார்த்தார். மாவு அப்பிய என் முகத்தைப் பார்த்தார்.

"வெறிச்சுன்னு இல்லை," என்றார் கடைசியில். "அவ்வளவுதான் சொல்லலாம்."

மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமியின் வேலை தப்பித்தது.

ஜுரம் விட்டு எழுந்ததும் மாமா முதலில் பிடித்தது என்னைத்தான்.

"நான் படுத்துண்டிருந்த அன்னிக்கு எங்காத்து வாசல்ல என்ன கோலம்?"

"தெரியலை மாமா. போட்டதே நான்தான்."

மாமா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அன்று எனக்குக் காப்பி சுடச்சுட வந்தது.

ஜயா மாமி சூப்பர்வைசராகி, மாலை மரியாதையோடு ரிடையரானாள். மாமா இப்போது இல்லை. நான் மட்டும் இன்றும் செருப்பை மாட்டுவதற்கு முன் வாசலில் குனிந்து பார்த்துவிட்டு, எதிர்வீட்டுப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நிற்கிறேன். இன்றைக்கு ஊடுபுள்ளிக் கோலம், ஓரத்தில் ஜோடிக் கிளி. கேளுங்கோ மாமா.