லேடாங் மலையில் எனக்குத் தெரிந்த குறுக்குவழி

மலையேறத் தயாராவது என்றால் தலையை வாரிக்கொண்டு கிளம்புவது என்றுதான் இருபத்தைந்து வயதில் நினைத்திருந்தேன். மலாயா சுதந்திரம் அடைந்து இரண்டு வருடம். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து அவசரகாலத்தில் காட்டுப் பக்கமே போகாமலிருந்த மலாக்காக்காரர்கள் மறுபடி லேடாங் மலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். மனைவி சரோஜாவிடம் என் வீரத்தைக் காட்ட வேறு நல்ல இடம் ஏது?

கிளம்புகிற அன்று காலை, மலாக்காவில் காஜா பெராங் பகுதி வாடகை வீட்டில் அவள் ஒரு பையை நிரப்பிக்கொண்டிருந்தாள். (பள்ளிக்கூட டீச்சர். பட்டியல் போடாமல் எதையும் செய்யமாட்டாள்.) கயிறு, விசில், மழைக்கோட்டு, அட்டைப்பூச்சிக்கு உப்பு, கட்டுத்துணி, தகர டப்பாவில் தீப்பெட்டி.

"என்ன சரோ, வீடு மாறிப் போறோமா?"

"மலைல மழ வந்தா கடைக்கு ஓட முடியுமாங்க? அந்தத் தோல் சப்பாத்து வேணாம், வழுக்கும். கேன்வஸ் போடுங்க."

கல்யாணத்துக்கு வாங்கிய சப்பாத்து அது. பளபளவென்று துடைத்து அதையேதான் போட்டுக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் ஏறியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"வலது பக்கம் குறுக்குவழி. எனக்குத் தெரியும்," என்றேன். (தெரியாது.)

"எல்லாரும் இடது பக்கந்தானே போறாங்க?"

"அவங்களுக்கு என்னா தெரியும் லா!"

அரை மணியில் பாதையே காணாமல் போனது. பின்னாலேயே மழை. சப்பாத்தின் அடித்தோல் பிய்ந்து தொங்க, நான் சறுக்கிக்கொண்டே போய் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தேன். கணுக்கால் பலாக்காயாய் வீங்கியது. அட்டைகள் கல்யாண விருந்துக்கு வருவதுபோல் குடும்பம் குடும்பமாக வந்தன.

சரோஜா மரத்தில் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்தபடி இறங்கி வந்தாள். உப்பைப் போட்டு அட்டைகளை உதிர்த்தாள். காலுக்குக் கட்டுப் போட்டாள். மழைக்கோட்டை எனக்கே போர்த்தினாள். வழி தேடுகிறேன் என்று நான் நொண்டிக்கொண்டு எழுந்தபோதுதான் முதல்முறையாக அதட்டினாள்.

"உக்காருங்க! வழி தெரியாம நடந்தா இன்னும் தொலைஞ்சிதான் போவோம்."

ஒரு சிவப்புத் துண்டைக் கிளையில் கட்டினாள். மூன்று முறை விசில். கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று. குரலில் பயமில்லை, ஆனால் புதர் அசையும்போதெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் என்னளவு பயம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் ஒரு தடவைகூட அவள் விசிலை நிறுத்தவில்லை.

நாலு மணி வாக்கில் ஆள் சத்தம் கேட்டது. அடிவாரத்தில் காப்பிக்கடை வைத்திருந்த மலாய்க்காரரும் அவர் தம்பியும்! கடைக்காரர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார்.

காலையில் எனக்குத் தெரியாமல் சரோஜா மலாயில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன காகிதம். எங்கள் பெயர், போகும் இடம். மூன்று மணிக்குள் திரும்பாவிட்டால் தேடி வரவும். கடைசியாக ஒரு வரி: "பாதை பிரியும் இடத்தில் எல்லாரும் போகாத பக்கமாகத் தேடவும். என் கணவர் கூட வருகிறார்."

இன்றைக்கும் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன நான் திரும்பக் கொஞ்சம் தாமதமானால் போதும், வீட்டில் யாராவது சொல்வார்கள்: "எல்லாரும் போகாத பக்கமா போய்ப் பாரு, அப்பா இருப்பாரு." கோபப்படவும் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அங்கேதான் இருக்கிறேன்.