அடுத்த மலையின் குளிர்

வரைபடத்தை அடிக்கடி மடித்துப் பிரித்தால் மடிப்பு விழும் இடம் கிழிந்துவிடும். அப்படிக் கிழிந்துபோன ஓர் இடத்தில்தான் கூதல் நாடு இருந்தது. இன்று யாராவது விரல் வைத்துக் காட்டச் சொன்னால் விரல் மேசையில் போய் முட்டும்.

அந்த நாட்டில் மலைகள் இரண்டு. கிழக்கே செங்கரடு, மேற்கே கருங்கரடு, நடுவே ஒரு கணவாய். தெற்கே, கீழே சமவெளியில் தலைநகரம். மலைவாசிகளுக்கு வேறெங்கும் காணாத ஒரு பித்து இருந்தது. பிற நாட்டவர் விளைச்சலைச் சொல்லியும் கோயிலைச் சொல்லியும் பெருமை பேசினால், இவர்கள் குளிரைச் சொல்லிப் பேசினார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, "உங்க பக்கம் தேங்காய் எண்ணெய் எந்த மாசம் உறையும்?" என்று விசாரித்த பிறகுதான் பெண்ணின் பெயரைக் கேட்டார்கள்.

இரண்டு மலைகளிலும் ஊர் வாசலில் ஒரு வெப்பமானி தொங்கியது. விடிந்ததும் அதைப் பார்த்து, கம்பியில்லாக் கருவியில் அடுத்த மலைக்குச் சொல்ல ஓர் ஆள். செங்கரட்டுக்குச் சிலம்பாயி, கருங்கரட்டுக்குக் கொம்பையா. முகம் பார்த்துப் பேசியது அபூர்வம் என்றாலும், ஒருவர் தும்மலை வைத்தே மற்றவர் அந்த மலையின் குளிரைச் சொல்லிவிடுவார்.

"என்னண்ணே, நேத்து உங்க பக்கம் வேர்த்துச்சா?"

"வேர்க்கிறதா? மூணு டிகிரி தாயி. நாய் அடுப்பை விட்டு எந்திரிக்க மாட்டேங்குது."

"எங்களுக்கு ஒண்ணு. தோத்துட்டீங்க. வானம் வேற துடைச்சு விட்ட மாதிரி கெடக்கு, நாளைக்கு உறைபனிதான். விறகைக் கட்டி வைங்க."

விறகைக் கட்டச் சொன்னது கேலிக்கு அல்ல. எந்த மலைக்குக் குளிர் அதிகமோ, அந்த மலைக்கு மற்ற மலை விறகு அனுப்ப வேண்டும். குளிர்ச்சீர் என்று அதற்குப் பெயர். தோற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கணவாய் வழியாகச் சுமந்து போவார்கள்; வென்றவர்கள் நக்கலடித்துக்கொண்டே வாங்கி, கருப்பட்டிக் காப்பி கொடுத்து அனுப்புவார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. கணவாயைத் தாண்டினால் குட்டு உடைந்துவிடும் என்பது ஒரு காரணம். பொய் சொல்லி வாங்கிய விறகு புகையுமே தவிர எரியாது என்று நம்பியது இன்னொரு காரணம்.

தலைநகரத்திலும் வானிலை ஆர்வலர்கள் இருந்தார்கள். இருபது டிகிரிக்கே கம்பளிக் குல்லாய் மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் சூடான வடையோடு கூடி, "இந்த வருஷம் என்னமா வாட்டுது" என்று அங்கலாய்ப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. இருக்கிற குளிரை வைத்துத்தானே நடுங்க முடியும்.

தட்பவெப்ப அமைச்சர் குணபூரணர் ஒருநாள் தற்செயலாகக் கருவியைத் திருகியபோது சிலம்பாயியும் கொம்பையாவும் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. நேராக மன்னரிடம் போனார்.

"மன்னா, இரண்டு மலைகள் அரண்மனையைக் கேட்காமல் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. அதுவும் தங்களுடைய குளிரைப் பற்றி."

"நமக்குக் குளிர் இருக்கிறதா?" என்று மன்னர் வியந்தார்.

"ஏராளமாக இருக்கிறது, மன்னா. மலையில் வைத்திருக்கிறோம்."

முதல் ஆணை பிறந்தது. இனி எந்த மலையும் தன் குளிரை அடுத்த மலையிடம் நேரடியாகச் சொல்லக் கூடாது. அரண்மனைக்குச் சொல்ல வேண்டும். அரண்மனை அதைச் சீர்தூக்கிப் பார்த்து இரு மலைகளுக்கும் அறிவிக்கும். விறகையும் மக்கள் சுமந்து சிரமப்பட வேண்டாம். அடிவாரத்தில் அரசுக் கிடங்கு திறக்கப்படும். அங்கே போட்டால் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும். மலைவாசிகள் இதை நல்ல ஏற்பாடு என்றே நினைத்தார்கள். முதுகு வலி மிச்சம் அல்லவா.

முதல் வாரத்திலேயே ஒரு தவறு நடந்தது. அறிவிப்பாளர் ஒரு மலைக்கு மட்டும் முந்தின நாள் தாளைக் கையில் எடுத்து, செங்கரட்டிடம் கருங்கரடே குளிர் என்றும், கருங்கரட்டிடம் செங்கரடே குளிர் என்றும் வாசித்துவிட்டார். தோற்றுவிட்டோம் என்று நம்பி இரண்டு மலைகளும் விறகை இறக்கின. கிடங்கு நிரம்பி வழிந்தது. அறிவிப்பாளர் நடுங்கிக்கொண்டே மன்னிப்புக் கேட்க வந்தபோது, அமைச்சர் சன்னல் வழியாகக் கிடங்கை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கும் அப்படியே வாசியுங்கள்" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் அரண்மனைத் தோட்டத்து அன்னங்களுக்கு வெந்நீர்க் குளம் வெட்டப்பட்டது.

தோல்வியும் ஓரளவுக்குத்தான் ருசிக்கும். மூன்று குளிர்காலம் தொடர்ந்து தோற்ற பிறகு மலைகளில் கேலி வற்றியது. "அப்படி என்னதான் அவனுக்கு மட்டும் குளிருது? சோம்பேறிப் பயலுக, விறகு வெட்ட வலிச்சுக் கெடக்கானுக" என்று செங்கரட்டில் பேசினார்கள். கருங்கரட்டில் பேசியதையும் எழுதலாம்தான். மலையின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

மன்னரின் சபைக்கு மலைக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கத் தேர்தலும் வந்தது. செங்கரட்டு வேட்பாளர் "நம் விறகு நம் அடுப்புக்கே" என்று முழங்கினார். கருங்கரட்டு வேட்பாளரும் அதையே முழங்கினார். இருவரும் அமோகமாக வென்று, தலைநகரத்தில் பக்கத்துப் பக்கத்து மாளிகைகளில் குடியேறினார்கள். இரண்டு மாளிகைகளிலும் கணப்பு அருமையாக எரிந்தது. குளிர்ச்சீர் மட்டும் கட்டாயச் சட்டமாகி, முன்னைவிட இரண்டு பங்காகியது.

அடுத்த ஆணைப்படி வெப்பமானிகள் சரிபார்ப்புக்காகக் கழற்றிச் செல்லப்பட்டன. அவை திரும்பவில்லை. நாளைய வானிலையைக் கணிக்கும் சிரமமும் மக்களுக்கு வேண்டாமென்று, எல்லா நாளைக்கும் ஒரே முன்னறிவிப்பை அமைச்சர் எழுதிக் கொடுத்தார்: இதமான வானிலை. அதற்கு மாறாகப் பொது இடத்தில் நடுங்குவது அரசின் மீதான அவநம்பிக்கை என்று விளக்கமும் வந்தது. மக்கள் வீட்டுக்குள் போய் நடுங்கப் பழகிக்கொண்டார்கள். வழுக்கி விழுவார்கள் என்ற அக்கறையால் கணவாய் மூடப்பட்டு, அங்கே மரத்தால் ஒரு காவல் சாவடி கட்டப்பட்டது.

அந்த மார்கழியில் சிலம்பாயியின் மகள் மயிலிக்கு மாதம் நிறைந்திருந்தது. தலைப்பிரசவம். வீட்டில் எரிக்க இருந்ததெல்லாம் கிடங்குக்குப் போய்விட்டது. முந்தின வாரம்தான் பக்கத்து வீட்டில் பிறந்த பிள்ளை விறைத்துச் செத்திருந்தது. பிறவிப் பலவீனம் என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனார். மயிலிக்கு இடுப்பு வலி கண்ட காலையில் சிலம்பாயி ஒரு கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அவளுக்கு அரசியல் ஒன்றும் தெரியாது. பயம் மட்டும் இருந்தது.

கணவாயில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. எதிரே யாரோ இருமினார்கள். சிலம்பாயி நின்றாள்.

"கொம்பையா அண்ணனா?"

"ஆமா. சிலம்பாயி குரலா இது?"

பனிக்குள்ளிருந்து மெலிந்துபோன ஒரு மனிதர் வந்தார். நலம் விசாரிக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

"அண்ணே, உங்ககிட்டதான் வந்தேன். எம்மக பிரசவ வலியில கெடக்கா. இத்தனை வருசமா நாங்க அனுப்புனதுல ஒரே ஒரு கட்டு திருப்பிக் குடுங்க. போதும்."

கொம்பையா அவளையே பார்த்தார். "நீங்க அனுப்புனீங்களா?"

"பின்ன? உங்களுக்குத்தானே குளிரு அதிகம்."

"எங்களுக்கா? உங்களுக்குத்தான்னு தினம் சொல்றாங்களே தாயி. நாங்கதானே உங்களுக்கு அனுப்பிட்டிருக்கோம். ஆடெல்லாம் குட்டி போட்டுட்டு நடுங்கிச் சாவுது. ஒரு கட்டு கேட்டுப் பாக்கலாம்னு உங்ககிட்டதான் நான் வந்தேன்."

அவர் தோளிலும் ஒரு வெறும் கயிறு தொங்கியது. கீழே, தலைநகரத்தின் மேல், கொழுத்த புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"ஏண்ணே, அம்புட்டுப் புகை எதுக்கு?"

"நம்ம குளிருக்குத்தான்" என்றார் கொம்பையா.

அவர்களுக்குப் பக்கத்தில் சாவடி நின்றது. காவலர் குளிர் தாங்காமல் என்றைக்கோ இறங்கிப் போயிருந்தார். வாசலில் 'இதமான வானிலை' என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை. சிலம்பாயி அதைத் தட்டிப் பார்த்தாள். நல்ல காய்ந்த மரம். பிறகு இருவரும் சேர்ந்து சாவடியைப் பிரித்தார்கள். பாதி கிழக்கே இறங்கியது, பாதி மேற்கே இறங்கியது.

மயிலிக்குப் பெண் பிறந்தது. நெருப்பு நன்றாக எரிந்தது. பிள்ளை வீறிட்டு அழுதபோது சிலம்பாயியும் கூட உட்கார்ந்து அழுதாள்.

சாவடி காணாமல் போன செய்தி கேட்டு அமைச்சரே பல்லக்கில் வந்தார். சிலம்பாயியின் அடுப்போரம் பாதி எரிந்த பலகை ஒன்று கிடந்தது. அதில் 'இதமா' வரை மிச்சமிருந்தது.

"இந்த மரம் எங்கிருந்து வந்தது?"

"கருங்கரட்டுலேர்ந்துங்க ஐயா."

"கருங்கரட்டில் ஏது..." என்று தொடங்கிய அமைச்சர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"ஏதுன்னா கேக்குறீங்க? நாங்க அனுப்புன விறகெல்லாம் அங்கதானேங்க இருக்கு. நீங்கதானே தினம் சொல்றீங்க. அதுல ஒரு கட்டு எடுத்துட்டு வந்தேன். தப்புங்களா?"

ஊர்ப் பெண்கள் வாசலில் கூடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருங்கரட்டில் விறகு உண்டு என்றால் இவள் சொல்வது சரி. இல்லை என்றால், போனதெல்லாம் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். குணபூரணர் நிறையப் படித்தவர். ஒரு கேள்வி வாசலுக்கு வருமுன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

"தப்பில்லை அம்மா. உங்களுக்குள் உள்ள வழக்கு" என்று சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறினார்.

கருங்கரட்டில் கொம்பையாவும் அதையே சொன்னார். செங்கரட்டுக்கு அனுப்பிய விறகில் கொஞ்சம் எடுத்துவந்ததாக. அமைச்சர் அங்கும் வாயைத் திறந்து மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் கிடங்கு ஆட்கள் சீர் கேட்டு வந்தபோது செங்கரட்டில் ஒரு சுள்ளிகூட இல்லை. "கருங்கரட்டுப் பயலுக மொத்தத்தையும் திருடிட்டானுக" என்று ஊரே சொல்லிவைத்தாற்போல் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டது. கருங்கரட்டில் செங்கரட்டுக்காரர்களைத் திட்டிய திட்டு அதைவிட நயமாக இருந்தது. இரண்டு மலைகளுக்கும் பகை சிறப்பாக வளர்வதாக அதிகாரிகள் அறிக்கை அனுப்பினார்கள். எல்லா வீட்டு அடுப்பும் எரிவதை அவர்கள் எழுதவில்லை. எழுதினால் இதமான வானிலையில் அடுப்பு எதற்கு என்று சொல்ல வேண்டிவரும்.

கிடங்கு காலியானது. அன்னங்களின் குளம் ஆறியது. மாளிகைக் கணப்புகளுக்கு விறகு வேண்டி, தலைநகரத்து மக்கள் தங்கள் வேலிகளையும் கட்டில்களையும் கொடுக்க வேண்டியதாயிற்று. வாழ்நாளில் முதல்முறையாக அவர்களுக்கு உண்மையாகவே குளிரெடுத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அரண்மனை முன் கூடி, அமைச்சர் பேசக் காத்திருந்தார்கள்.

குணபூரணர் மாடத்துக்கு வந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மக்களே, அண்டை நாட்டில் இதைவிடக் குளிர்."

கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியது. "அடப் பாவமே, அங்கே இன்னும் மோசமாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லி, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். அந்த நாட்டுக்கு யாராவது போய்ப் பார்த்தீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.