குரங்கு இன்ஸ்பெக்டரும் பத்தாவது இனமும்

எதை எதை எண்ணிப் பார்த்தால் இந்தியா நோய் நொடி இல்லாமல் இருக்கும் என்று தெரிந்த ஒரே மனிதர் தென்காசியில்தான் இருந்தார். சுகாதார ஆய்வாளர். ஊர் வைத்த பெயர் குரங்கு இன்ஸ்பெக்டர். சீசன் நேரத்தில் குற்றாலத்து வடைக் கடைகளைச் சோதிக்க அவருக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு வடையைக் குரங்குக்குப் போடுவார். அது முகர்ந்துவிட்டு எறிந்தால் அந்த எண்ணெய்ச் சட்டி அப்போதே கவிழும்.

எழுபதுகளின் கடைசியில் டில்லி மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சுற்றுப்புறத்தால் மக்களின் உடல்நலம் கெடுகிறதா என்று அறிய நாடு முழுக்க எவற்றைக் கண்காணிக்கலாம்? பத்து இனங்கள் எழுதி அனுப்பவும். இன்ஸ்பெக்டர் அண்ணாச்சி நாற்பத்தேழு எழுதிக்கொண்டு வந்தார். ஆபீஸ் டைப்பிஸ்ட் நான்.

"அண்ணாச்சி, பத்துதான் கேக்காங்க."

"இம்புட்டுப் பெரிய நாட்டுக்குப் பத்து போதுமாவே? சரி, வெட்டுவோம். எண்ண முடியணும். வருசா வருசம் எண்ணணும். எண்ணுனா அதை வச்சு ஏதாவது செய்ய முடியணும். மத்ததெல்லாம் வெளிய."

மூன்று நாள் வெட்டினோம். ராஜஸ்தான் பாலைவனத்தில் அருவிக்கரைக் குரங்குக்கு எங்கே போவது என்று பட்டியலிலிருந்து குரங்கும் விழுந்தது. அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

பத்தாவதாகத் தப்பி நின்றது கீழாநெல்லி. சந்தையில் கீரைக்காரி தினம் எத்தனை கட்டு விற்கிறாள் என்ற கணக்கு.

"மஞ்சக்காமாலை வந்தவன் ஆஸ்பத்திரிக்கு முன்னால அவகிட்டதாம்வே போவான். கட்டு கூடுனா தண்ணி கெட்டுட்டுன்னு அர்த்தம்."

டில்லிக்காரன் சிரிப்பானே என்று எனக்கு மானம் போனது. அவருக்குத் தெரியாமல் கீழாநெல்லியை எடுத்துவிட்டுத் 'தொழிற்சாலைப் புகை' என்று அடித்தேன். தென்காசியில் அப்போது புகை விட்டது அல்வாக் கடை அடுப்பும் அண்ணாச்சியின் பீடியும்தான்.

பட்டியல் தபாலுக்குப் போகுமுன், ஒரு காலையில் அவர் மூச்சிரைக்க ஆபீசுக்குள் வந்தார்.

"வே, தெனம் ரெண்டு கட்டு விக்கவ, இன்னைக்குப் பதினோரு கட்டு! அம்புட்டும் ஒம்ம தெருவுக்குத்தான் போயிருக்காம். வீட்டுல மாசமா இருக்காள்லா? குழாத் தண்ணியத் தொடக்கூடாதுன்னு சொல்லும். ஓடும்!"

ஓடினேன். பின்னாலேயே ஆட்களோடு வந்து தெருவைத் தோண்டினார். சாக்கடைக்குள் கிடந்த குடிநீர்க் குழாயில் விரிசல். பக்கத்து வீடுகளில் மஞ்சளாகப் படுத்திருந்தார்கள். என் மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசல் கோலத்தைத் தோண்டிவிட்டாரென்று வெந்நீரைக் குடித்துக்கொண்டே அவரைத் திட்டினாள்.

மறுநாள் பட்டியலைத் திரும்ப அடித்தேன். கீழாநெல்லி முதல் இனம்.

"பத்தாவதால்லாவே இருந்துது?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, மொதல்லதான் இருந்துது."

மேலிடம் பதிலே போடவில்லை. எங்களுக்கு மகள் பிறந்தாள். பார்க்க வந்தவர் குற்றாலத்து வடை வாங்கி வந்திருந்தார். குரங்கு தின்றதா என்று நான் கேட்கவில்லை. அந்த மனுஷன் கையால் எது கொடுத்தாலும் நான் தின்பேன்.