கவ்வாத்து வெட்டிய கணினி

தோண்டாத சுரங்கம் ஒன்று. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் நுழைந்தால் கொழும்பில் வெளியே வரலாம். நடுவில் யார் கண்ணிலும் படமாட்டோம். அது என்ன?

ரயில் சுரங்கம் என்பீர்கள். இல்லை. அதன் பெயர் விபிஎன். தோட்டத்துக் கணக்கை யாரும் எட்டிப் பார்க்காமல் கணினி வழியே கொழும்புத் தலைமை ஆபீசுக்குக் கொண்டுபோகும் பாதை. அன்று அதன் வாய் அடைத்துக்கொண்டது. அடைத்தவன் தோட்டத்துக் கிளாக்கர் சதீஸ்குமார்.

அவன் வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். அங்கே ஒரு லினக்ஸ் கணினி. அதன் அடிமரம்தான் கெர்னல். அடிமரம் இல்லாமல் எந்தக் கிளையும் நிற்காது.

"கொழும்புக்காரன் போட்ட கெர்னல்ல வேண்டாத கிளை நிறைய, துரை. நானே கவ்வாத்து வெட்டிப் புதுசு செய்றேன். சரிவராட்டி என்னை மடுவத்துல கொழுந்து நிறுக்க அனுப்பிடுங்க!" என்று தோட்டத்தை நடத்தும் துரையிடம் மார்தட்டியிருந்தான்.

செய்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்வதுபோல் கிளை கிளையாக வெட்டித் தள்ளினான். புதியதற்குத் தன் மகள் சிவரூபியின் பெயரையே வைத்தான். கணினி பறந்தது. சில நாள் கழித்து வாரக் கணக்கு அனுப்பத் திறந்தபோது விபிஎன் மட்டும் நகரவில்லை. 'இந்தக் கெர்னலுக்கு நான் பொருந்தமாட்டேன்' என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் காட்டியது.

நாலு மணிக்குள் அந்த வாரக் கொழுந்து நிறைக் கணக்கு கொழும்புக்குப் போயாக வேண்டும். பூனாகலைக் குளிரிலும் அவனுக்கு வேர்த்தது. மடுவத்துத் தராசு கண்முன் ஆடியது. வாசலில் நாய் குரைத்தாலும் துரையின் ஜீப்பாகத் தோன்றியது.

மனைவி விஜயலெட்சுமி தேத்தண்ணியோடு வந்தாள்.

"என்னங்க, காய்ச்சலா?"

"வேலை போகப்போகுது, லெட்சுமி!"

"எங்கப்பா கவ்வாத்து வெட்டுறப்ப செடி மூச்சு விட ஒரு கிளைய விட்டு வைப்பாரு. நீங்க விட்டீங்களா?"

"எங்க விட்டேன்? பழசை அழிக்கவான்னு கணினி கேட்டுச்சு. அந்த நேரம் பார்த்து துரை கூப்பிட்டாரு. உன்னைத்தானே ஆமான்னு அழுத்தச் சொல்லிட்டு ஓடினேன்?"

"சொன்னீங்க."

டெலிபோன் அலறியது. சதீஸ்குமார் மேசைக்கடியில் போய்விட்டான். அவள் எடுத்தாள்.

"ஆமாங்க துரை... ஐயா தலைய நிமித்தாம வேலை செய்றாருங்க... நாலு மணிக்குள்ள போயிடும். போகாட்டி மடுவத்துக்கே அனுப்பிடுங்க, பாவம் பார்க்காதீங்க."

"அடிப்பாவி!" என்றது மேசை.

"வெளிய வாங்க. ரூபி, உன் பென்குயின் விளையாட்டைத் தொறம்மா."

சிவரூபி ஓடி வந்தாள். கணினியை அணைத்துத் திரும்பப் போட்டாள். திரை கறுத்ததும் விசைப்பலகை மூலையிலிருந்த பொத்தானைத் தட்டினாள். எந்தக் கெர்னலில் தொடங்க என்று கேட்கும், சதீஸ்குமார் மறைத்து வைத்திருந்த பட்டியல் எழும்பியது. அதில் இரண்டு வரிகள். மேலே 'சிவரூபி'. கீழே பழைய கெர்னல், உயிரோடு.

"இது எப்படி?"

"நான் 'இல்லை'ன்னுதாங்க அழுத்தினேன். உங்க புதுசுல பென்குயினுக்குச் சத்தமே இல்ல. சத்தத்தையும் சேர்த்து வெட்டிட்டீங்க. பிள்ளை ஒரே அழுகை. நீங்க மத்தியானம் தூங்குறப்ப நாங்க பழசுலதான் விளையாடுறோம்."

பழையது திறந்தது. விபிஎன் முணுமுணுக்காமல் இணைந்தது. கொழுந்து நிறை கொழும்புக்குப் போனது. போன உயிர் சதீஸ்குமாருக்குத் திரும்பியது. கூடவே வீறாப்பும் திரும்பியது.

"சரி, பழசு இன்னைக்கு உதவிச்சு. ஆனா கணினிக்குள்ள இடம் பத்தாது. ஒண்ணைத்தான் வைக்கலாம். என்னோடதை நாளைக்கே சரிபண்ணிடுவேன்."

"நமக்கெதுக்குங்க சண்டை? பிள்ளை சொல்லட்டும்."

அவனுக்கு உள்ளூரச் சிரிப்பு. மகள் அப்பா செல்லம். போதாக்குறைக்கு, புதியதில் இருப்பது அவள் பெயர்.

"ரூபிக்குட்டி, பாரு, இது உன் பேரு. அப்பா உனக்காகச் செஞ்சது. எதை வைக்கட்டும்?"

சிவரூபி பழையதைக் காட்டினாள்.