பெனால்டி ஏரியாவில் ஒரு கேட்ச்

விழித்துக்கொண்டே கனவு காணும் வித்தை எனக்குப் பிறவியிலேயே வந்தது. அதை யாரும் பெரிய குறையாகச் சொல்லவில்லை, காரணம் நான் ஆடிய ஆட்டம் கிரிக்கெட். எல்லைக்கோட்டருகே ஒருவனை நிறுத்திவிட்டால் பாதி நாள் அவன் மேகம் பார்க்கலாம். பந்து எப்போதாவது வரும். வந்தால் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் மீதி நாளும் மேகம் பார்க்கலாம். இதைவிட நாகரிகமான விளையாட்டு உலகத்தில் கிடையாது என்று லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவே நம்பியது.

கால்பந்து இந்த ஊருக்குப் புதிதில்லை. நீலசந்திரா, ஜோகுபாளையம் பக்கமெல்லாம் அது எப்போதும் இருந்தது. நாங்கள்தான் அதைப் பக்கத்து வீட்டுப் பண்டிகை மாதிரி வைத்திருந்தோம். சத்தம் கேட்கும், ஆனால் நம்முடையது இல்லை. திடீரென்று அந்தப் பண்டிகை எல்லா வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. மொட்டைமாடிகளில் பச்சைக் கம்பளம் விரித்து வலை கட்டினார்கள். ஐ.டி. ஆட்கள் முதுகில் வெளிநாட்டுப் பெயர்களோடு டீ குடிக்க வந்தார்கள். எங்கள் தெருச் சுவரில் கரியால் வரைந்திருந்த ஸ்டம்புகளுக்கு யாரோ சுண்ணாம்பு அடித்தார்கள். கோல் போஸ்டாக நடுரோட்டில் செருப்புகள் வந்து உட்கார்ந்தன. எங்கள் கிரிக்கெட் டீமின் கேப்டன் ஆண்டனியே ஒருநாள் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை கால்பந்துக்கு டர்ஃப் மைதானம் புக் பண்ணியிருப்பதாகச் சொன்னான். (துரோகி. குரலில் ஒரு கூச்சம்கூட இல்லை.)

நான் மட்டும் அசையவில்லை. கொள்கைப் பிடிப்பு என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஓடச் சோம்பல் என்பதுதான் நிஜம்.

அப்படியிருக்க, நான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மலர் வந்தாள். கையில் இரண்டாக உடைந்த ஒரு கண்ணாடி. அப்பாவுடையது என்றாள். எப்படி உடைந்தது என்று கேட்டேன். பந்தைத் தலையால் முட்டினாராம். அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அந்த இடத்திலேயே நான் எச்சரிக்கையாகியிருக்க வேண்டும். ஆனால் அவள் சிரித்தபோது கடையில் இருந்த அத்தனை கண்ணாடிகளும் ஒருமுறை மின்னிவிட்டு அணைந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் அந்தக் கண்ணாடி அடிக்கடி லூஸ் ஆனது. நான்தான் அடிக்கடி டைட் செய்தேன்.

கல்யாணப் பேச்சு எடுக்கும் காலம் வந்தபோது மலர் ஒரு காரியம் செய்திருந்தாள்.

"அப்பா கிட்ட நீங்க பேக் ஆடுவீங்கன்னு சொல்லிட்டேன்."

"பேக்னா?"

"பின்னாடி நிக்கணும்."

"அது எனக்கு வரும்" என்றேன், மனசாரத்தான்.

அவள் அப்பா தேவராஜ், ஒரு தொழிற்சாலை டீமில் ஆடி ஓய்வுபெற்றவர். நீலசந்திராவில் அவரை ரேஷன் கடைக்காரர்கூட "கேப்டன்" என்றுதான் கூப்பிடுவார். இளவயதில் அவர் தொடங்கிய தெரு அணி, வட்டாரக் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. அந்த வருஷம் எப்படியோ ஃபைனலுக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர்களுக்குப் பேக் ஆடுபவனின் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. மலர் வழியாக எனக்குச் செய்தி வந்தது: ஞாயிற்றுக்கிழமை ஷூ எடுத்துக்கொண்டு வரவும்.

அந்த வாரம் முழுக்கக் கடையில் போனில் விதிமுறை வீடியோக்கள் பார்த்தேன். ஆஃப்சைடு விளக்கம் வரும்போதெல்லாம் கண் சொக்கியது. கையைப் பற்றிய பாடம் அதற்கு அடுத்ததாக இருந்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை. ராத்திரி பெய்த மழையில் மைதானம் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. ஓரத்து மரங்களில் ஒரு இலைகூட இல்லை, முழுக்க இளஞ்சிவப்புப் பூ. காற்று அடிக்கும்போதெல்லாம் அவை அவசரமில்லாமல் இறங்கின. நான் மலரின் அண்ணன் சுரேஷுக்கு முன்னால் நின்றேன். அவர்தான் கோல்கீப்பர். கோட்டுக்கு வெளியே மலர், அவள் அம்மா, பாதித் தெரு. கேப்டன் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆச்சரியம் என்னவென்றால் நான் நன்றாகவே ஆடினேன். அதாவது நின்றேன், எதிரணி அடித்த பந்துகள் என்மேல் பட்டுத் திரும்பின. இடுப்பு, முழங்கால், ஒருமுறை கன்னம். தெரு கைதட்டியது. கேப்டன் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையாட்டினார். ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தது, இரு பக்கமும் கோல் இல்லை. பந்து எதிர்முனைக்குப் போய்விட்டது. எனக்கு ஒரு வேலையும் இல்லை.

பூ விழுந்தது. இன்னொன்று விழுந்தது. எங்கேயோ மேலே ஒரு பருந்து வட்டமிட்டது. மண் வாசனையும் ஈர வெயிலும் சேர்ந்து என்னைத் தாலாட்டின. நான் எங்கே இருக்கிறேன் என்பது மெல்ல மெல்லக் கழன்றது. எல்லைக்கோடு, வெள்ளை உடை, மத்தியான உணவுக்குப் பிந்தைய அமைதி.

அப்போது வானத்தில் பந்து வந்தது.

உயரமான பந்து. சூரியனுக்குள் போய் மறைந்து மறுபக்கம் வெளியே வந்தது. அது விழுவதற்குள் ஒரு மழைக்காலமே கடந்துபோகும் போலிருந்தது. கண்ணை எடுக்காமல் பின்னால் நகர்ந்தேன், இரண்டு கைகளையும் கிண்ணமாகக் குவித்தேன். பக்கவாட்டில் பாய்ந்தேன். பந்து (கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்று தோன்றியது, உண்மை) கைக்குள் வந்து உட்கார்ந்தது. புல்லில் புரண்டேன். விடவில்லை. என் ஆயுளில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கேட்ச் பிடித்ததில்லை.

எழுந்து பந்தை வானத்துக்கு எறிந்தேன். நடுவரைப் பார்த்து விரலை உயர்த்தி, தொண்டை கிழிய "ஹவ்ஸாட்" என்றேன்.

எதிரணிக்காரர்கள்கூடச் சிரிக்கவில்லை. நடுவர் கன்னடக்காரர், பொறுமைசாலி. விசில் ஊதக்கூட மறந்து அருகில் வந்து, பிடித்த காரணத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்.

"யாக் சார் ஹிடிதிரி?"

ஏன் சார் பிடித்தீர்கள் என்றுதான் கேட்டார். "கேட்ச் சார்" என்றேன். சொல்லும்போதுதான் விழித்தேன்.

பின்னாலிருந்து சுரேஷ் தாழ்ந்த குரலில் சொன்னார். "வெளிய போயினு இருந்துது ப்ரோ."

பெனால்டி கொடுத்தார்கள். கோல் விழுந்தது. எனக்கு மஞ்சள் அட்டை காட்டினார்கள். வெளியே அனுப்பியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். மீதி ஆட்டம் முழுவதும் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். கோப்பை அடுத்த தெருவுக்கே போனது.

எல்லோரும் கலைந்தபின் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பூக்கள் இன்னமும் விழுந்துகொண்டுதான் இருந்தன, அவற்றுக்கு என்ன. கேப்டன் இரண்டு டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டர் நோயாளியிடம் கேட்பது போல மெதுவாகக் கேட்டார்.

"எத்தினி நாளா?"

என் பகல்கனவைத்தான் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. "சின்ன வயசுல இருந்து சார்."

"வூட்ல வேற யாருக்காச்சும்?"

"அப்பாவுக்கும்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். டீயை ஊதி ஊதிக் குடித்தார். மலரை மறந்துவிட வேண்டியதுதான் என்று நான் முடிவுகட்டிக்கொண்டிருந்தபோது, மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"மலருக்கு உன்ன புடிச்சிருக்கு, நான் இன்னா சொல்றது. ஆனா கேட்ச் நல்லா இருந்துது. பொய் சொல்லக் கூடாது."

கல்யாணம் நடந்தது. தாம்பூலம் வாங்கிப் போன ஒவ்வொருவரும், மாப்பிள்ளை பிடித்தால் விடமாட்டாராமே என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். நீலசந்திராவில் இன்றைக்கும் என் பெயர் "கேட்ச்". மாமியார் தோசையைத் தட்டில் போடும்போது, கையால் தொடலாமா என்று நடுவரைக் கேட்டுக்கொள்ளச் சொல்வார். மச்சான் சுரேஷ் சாவிக்கொத்தை நீட்டுவதே இல்லை, காலால்தான் தள்ளிவிடுவார்.

என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் துணியில் சுற்றிக் குழந்தையை என் பக்கம் நீட்டினார். பிடிக்கத் தெரியாமல் நின்றேன். பக்கத்தில் மாமனார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண் கலங்க நின்றிருந்தார்.

"இத கையால புடிக்கலாம் மாப்ளே" என்றார்.